எக்செல், ஷீட்ஸ், பவர் பிஐ, நோட்புக்: சேகோ ஆலைக் கணக்கில் எது எதற்கு உதவியது?

சேலம் ஐந்து ரோட்டில் எங்கள் ஆபீஸ். டேட்டா டீம் என்றால் மூன்றே பேர், கணக்குப் பார்ப்பது ஆத்தூர், தலைவாசல் பக்கமுள்ள சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு. போன சீசனில் முதலாளி ஒரு கேள்வியோடு வந்தார்: வாங்குகிற குச்சிக்கிழங்கின் (மரவள்ளிக்கிழங்கு) பாயிண்ட் குறையவில்லை, ஆனால் இரண்டு ஆலைகளில் மட்டும் டன்னுக்கு வரவேண்டிய ஜவ்வரிசி வரவில்லை, எங்கே போகிறது? வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பாயிண்ட் என்பது கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு. லாரி ஆலைக்கு வந்ததும் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள், விவசாயிக்குப் பணம் அந்தக் கணக்கில்தான் போகும். பாயிண்ட் சரியாக இருந்து சரக்கு குறைந்தால் உள்ளே இருப்பவர்கள் யாரோ ஒருவர் மேல்தான் பழி விழும். விழுந்தது, அரைவை மேஸ்திரி மேல்.

இந்த ஒரு கேள்விக்காக நான்கு வழிகளையும் மாற்றி மாற்றிப் பிடித்தோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் எக்செல், கூகுள் ஷீட்ஸ், முக்கிய எண்களை ஒரே திரையில் படமாகக் காட்டும் டாஷ்போர்டு (பவர் பிஐ, மெட்டாபேஸ்), அப்புறம் புரோகிராம் எழுதிக் கணக்குப் பார்க்கும் பைத்தான் நோட்புக். கூட்டாக அலசுவதற்கு என்று விற்கப்படுகிற எல்லாக் கருவிகளும் "எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்" என்றுதான் சொல்கின்றன. நான் ஒப்பிடும்போது வைத்துக்கொண்ட அளவுகோல் வேறு. அந்த லாரியைக் கண்ணால் பார்த்த ஆள், திரையில் இருக்கிற எண்ணுக்குப் பக்கத்தில் தன் வார்த்தையை எழுத முடியுமா?

முதலில் எக்செல். இதைத் திட்டுவது சுலபம், ஆனால் ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த கருவி இது ஒன்றுதான், நெட் இல்லாமலும் ஓடும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கும் நண்பர் இன்றுவரை எக்செலை விடவில்லை, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: பழம் பறிக்கிற மாதங்களில் எந்தப் பிளாக்கில் எத்தனை கிலோ வந்தது என்று அங்கேயே நின்று ஏற்ற வேண்டும், சில சரிவுகளில் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. கூகுள் ஷீட்ஸும் ஆஃப்லைனில் வேலை செய்யும், ஆனால் அதை முன்கூட்டியே ஆன் செய்து வைத்திருக்க வேண்டும், மலைக்குப் போன பிறகு நினைவு வந்தால் பயனில்லை. மாலையில் கீழே வந்து ஒரே ஃபைலில் சேர்ப்பவர் அவர் ஒருவர் மட்டும்தான் என்பதால் அங்கே எக்செல் போதும்.

எங்களுக்குப் போதவில்லை, காரணம் ஃபைல் பெயர்க் குழப்பம்கூட இல்லை. கொள்முதல் பிரிவும் உற்பத்திப் பிரிவும் ஆளுக்கொரு ஃபைலில் "ரெக்கவரி" (கிழங்கு எடைக்கு எவ்வளவு ஜவ்வரிசி) என்று ஒரு காலம், அதாவது நெடுவரிசை, வைத்திருந்தார்கள். கொள்முதல் ஆட்கள் வந்த ஜவ்வரிசியை எடைமேடைச் சீட்டில் இருக்கும் எடையால் வகுத்தார்கள். உற்பத்தி ஆட்கள் மண், வேர், கழிவு போக மிஞ்சிய எடையால் வகுத்தார்கள். இரண்டும் தப்பில்லை, ஆனால் ஒரே பெயர். இரண்டு வாரம் இரண்டு தரப்பும் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டதே இந்த வகுத்தலைப் பற்றித்தான் என்பது, இரண்டு ஃபைலையும் ஒரே மேசையில் திறந்து ஃபார்முலா பாரைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அடுத்தவர் ஃபைலைத் திறந்து பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2010-ல் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், பல நாடுகளில் செலவுக் குறைப்புக்கு ஆதாரமாக அது காட்டப்பட்டது. 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களிடமே எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 49-ஆவது வரிசை வரை போக வேண்டியது 44-லேயே நின்றிருந்தது, ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. மூன்று வருடம் அந்தத் தப்பு அப்படியே கிடந்தது.

அளவுச் சிக்கலும் உண்டு. இன்றைய எக்செல் ஷீட்டில் 10,48,576 வரிசை வரை போகலாம், பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 தான். 2020-ல் இங்கிலாந்தில் கொரோனா முடிவுகளை அந்தப் பழைய வடிவத்தில் ஏற்றியதால் 15,841 பேரின் விவரம் சரியான நேரத்தில் கணக்கில் சேராமல் போனது. ஆலைகளில் பழைய எடைமேடை சாஃப்ட்வேர் இன்னும் எக்ஸ்எல்எஸ் ஃபைல்தான் தருகிறது என்றால், கடைசி வரிசை எண்ணை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, கூகுள் ஷீட்ஸுக்கு வருகிறேன், விடை கிடைத்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு ஆலைகளிலும் ஒரு மாதம் வந்த லோடுகளை மட்டும் ஒரு ஷீட்டில் போட்டோம், லோடுக்கு ஒரு வரிசை: வண்டி வந்த நேரம், கிழங்கு ரகம், பாயிண்ட், எடை, அன்றைய ஜவ்வரிசி மூட்டை. கடைசியில் "குறிப்பு" என்று ஒரு காலியான காலம். எடைமேடையில் இருப்பவருக்கும், அரைவை மேஸ்திரிக்கும், கொள்முதல் ஆளுக்கும் போனில் லிங்க் அனுப்பி, எந்த லோடைப் பற்றி என்ன ஞாபகம் இருந்தாலும் எழுதுங்கள் என்றோம். யாரும் டைப் செய்ய மாட்டார்கள் என்றுதான் எங்கள் டீமிலேயே பேச்சு. எடைமேடை அண்ணன் போன் கீபோர்டின் குரல் தட்டச்சில் தமிழிலேயே பேசிப் பேசி இரண்டு நாளில் நாற்பது லோடுக்கு மேல் நிரப்பிவிட்டார். "ராத்திரி வந்த வண்டி, மறுநாள் மத்தியானம்தான் இறக்கினாங்க." "ரெண்டு நாள் வாசல்ல நின்னது." இப்படி.

அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரிக்குப் போன் செய்தேன். "தம்பி, பாயிண்ட் பார்த்தப்ப கிழங்கு நல்லாத்தான் இருந்திருக்குங்க. எங்கிட்ட வர்றப்ப வெட்டிப் பார்த்தா உள்ள நீலம் பாஞ்சு கிடக்குது. இதை நான் யார்கிட்டச் சொல்றதுங்க?" என்றார்.

குச்சிக்கிழங்கு தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கு கெட ஆரம்பித்துவிடும், உள்ளே நீலக்கோடு ஓடும், மாவு இறங்கும். எங்கள் டேட்டாவில் பாயிண்ட் இருந்தது, அரைத்த சரக்கு இருந்தது, இரண்டுக்கும் நடுவில் வாசலில் நின்ற நேரம் என்ற ஒன்று இல்லவே இல்லை. ஷீட்டில் இல்லாத நெடுவரிசையை எந்தச் சார்ட்டும் காட்டாது. அது இல்லை என்பது தெரிந்த இரண்டு பேர் எடைமேடையிலும் அரைவையிலும் இருந்தார்கள்.

ஷீட்ஸில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவையும் உண்டு. ஒருவர் சாதாரண ஃபில்டர் போட்டால் மற்ற எல்லோருக்கும் வரிசைகள் மறையும், அதனால் அவரவர் திரையில் மட்டும் வடிகட்டும் ஃபில்டர் வியூ பழக்க வேண்டும். எண்கள் இருக்கும் இடத்தைப் பூட்டிவிட்டு, குறிப்பு எழுதும் காலத்தை மட்டும் திறந்து வையுங்கள். செல்லில் போடும் கமென்ட்டை விடத் தனிக் காலம்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கமென்ட்டை முடித்ததாகக் குறித்தால் கண்ணிலிருந்து மறைந்துவிடும், காலத்தில் எழுதியது டேட்டாவாகவே நிற்கும், நாளைக்கு அதையே எண்ணிப் பார்க்கலாம். கொள்ளளவு ஒரு ஃபைலுக்கு 1 கோடி செல், 25 காலம் இருந்தால் 4 லட்சம் வரிசை. ஆனால் ஃபார்முலா நிறைய இருந்தால் அதற்கு வெகு முன்பே திணற ஆரம்பிக்கும், எங்களுக்கும் திணறியது.

அங்கேதான் நோட்புக். ஒரு மாத லோடில் பார்த்தது உண்மைதானா, இல்லை அந்த மாத மழையா, ரகமா என்று தெரிய மூன்று சீசன் எடைமேடைப் பதிவுகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அரைவை தொடங்கிய நேரம் கையெழுத்து ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருந்தது, பக்கங்களைப் போட்டோ எடுத்து ஒரு சீசனுக்கு மட்டும் டைப் செய்தோம். இதை முள்ளுவாடி ரகம் தனி, தாய்லாந்து ரகம் தனி, மழை நாள் தனி என்று பிரித்துப் பார்க்க ஜுபிடர் நோட்புக் போல வசதி வேறு எதிலும் இல்லை. ஏன் இந்த வரிசைகளைத் தள்ளினோம் என்பதைத் தமிழில் ஒரு பத்தி எழுதி, அதற்குக் கீழேயே புரோகிராமும், அதற்குக் கீழேயே விடையும் வைக்கலாம். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் யோசித்த பாதை அப்படியே இருக்கும்.

ஆனால் கூட்டு வேலை என்று பார்த்தால் இது எங்கள் மூன்று பேருக்குள் மட்டும்தான். மேஸ்திரியால் இதில் ஒரு வார்த்தை எழுத முடியாது. எங்களுக்குள்ளேயும் நோட்புக்கின் செல்களை (புரோகிராம் எழுதும் கட்டங்களை) முன்பின்னாக ஓட்டிவிட்டால் ஒருவர் திரையில் வருகிற விடை இன்னொருவருக்கு வராது. எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்க்காமல் யாரும் எண்ணை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். ஃபைலின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியில் போட்டால் இரண்டு பதிப்புகளின் வித்தியாசம் படிக்கவே முடியாது, ஃபைல் உள்ளுக்குள் ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவம் என்பதால் படமும் எண்ணும் கலந்து வரும், என்பிடைம் என்ற கருவி இதற்கு உதவுகிறது. காசு செலவில்லை, அது பெரிய விஷயம்.

டாஷ்போர்டைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சரக்கு குறைகிறது என்று முதலில் காட்டியது எங்கள் டாஷ்போர்டுதான், அந்தப் பெருமை அதற்குச் சேர வேண்டும். ஆனால் ஆலை வாரியாகச் சிவப்பில் பார் வரைந்து காட்டியதும் எல்லோர் பார்வையும் அந்த ஆலையின் மேஸ்திரி மேல் போனது, அவர் பதில் சொல்ல அந்தத் திரையில் இடமில்லை. பவர் பிஐயில் கமென்ட் வசதி உண்டு, ஆனால் அது ரிப்போர்ட்டோடு ஒட்டியது, ஒரு குறிப்பிட்ட லோடோடு ஒட்டாது. தவிர, லைசென்ஸ் இல்லாமல் அவர் உள்ளேயே வர முடியாது. பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம், பகிர்வதற்கு ப்ரோ லைசென்ஸ் வேண்டும், 2025 ஏப்ரலில் இருந்து ஆளுக்கு மாதம் 14 டாலர். நிறுவனத்துக்கே மொத்தமாகப் பெரிய கெபாசிட்டி வாங்காதவரை பார்ப்பவர்களுக்கும் அதே லைசென்ஸ். 15 பேர் பார்த்தால் மாதம் 210 டாலர், எங்களைப் போன்ற இடத்தில் அது ஒரு விவாதமாகிவிடும். ப்ரோவில் ஒரு நாளைக்கு 8 தடவைதான் தானாக டேட்டா புதுப்பிக்கும், அது எங்களுக்குத் தாராளம்.

மெட்டாபேஸின் ஓப்பன் சோர்ஸ் பதிப்பை நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம், பார்ப்பவர் எத்தனை பேர் என்று காசு இல்லை. எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) தெரியாதவரும் பாரைத் தொட்டு அடியில் இருக்கும் வரிசைகளைப் பார்க்கலாம், கொள்முதல் ஆட்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அலங்காரத்தில் பவர் பிஐ மேல், சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்துக்கும் பவர் பிஐதான் நிம்மதி. எங்களிடம் ஆள் இருக்கிறார், அதனால் மெட்டாபேஸுக்கு மாறினோம்.

டாஷ்போர்டை வேறு எதுவும் ஜெயிக்க முடியாத ஒரு விஷயம், கணக்கின் வரையறை. ரெக்கவரி என்றால் கழிவு போக மிஞ்சிய எடையால் வகுப்பது என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டால், எல்லா ரிப்போர்ட்டும் அதையே எடுத்துக்கொள்ளும். ஷீட்ஸில் ஆளுக்கொரு ஃபார்முலா எழுதுவதை எந்தப் பூட்டாலும் முழுதாகத் தடுக்க முடியாது. அந்த இரண்டு வாரச் சண்டை இனி வராது என்றால் அது மெட்டாபேஸில் வைத்த அந்த ஒரு வரையறையால்தான்.

எங்களைப் போன்ற சின்ன டீம் என்னிடம் கேட்டால் வரிசை இப்படித்தான் சொல்வேன். கேள்வி இன்னும் புகையாக இருக்கும்போது ஷீட்ஸ், வேலை செய்பவர்களை முதல் நாளே உள்ளே இழுத்து. சந்தேகம் ஓர் உருவத்துக்கு வந்ததும் நோட்புக். விடை உறுதியான பிறகு, தினமும் பார்க்க வேண்டிய ஓரிரு எண்ணை மட்டும் டாஷ்போர்டில். டீம் பெரிதாகிவிட்டால் டாஷ்போர்டிலிருந்தே தொடங்கலாம் என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆள் கூடக் கூட எடைமேடைக்கும் நமக்கும் தூரம்தான் கூடுகிறது.

இப்போது மெட்டாபேஸின் முதல் பக்கத்தில் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே வாசலில் நின்ற மணிநேரம் வருகிறது. தூரத்துக் கிராம வண்டிகளுக்கு நேரம் போட்டு டோக்கன் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள், இரவு நிற்கும் லாரி குறைந்திருக்கிறது, குறைந்த சரக்கு எவ்வளவு மீண்டும் கிடைத்தது என்பது சீசன் முடிந்து நோட்புக்கை மறுபடி ஓட்டினால் தெரியும். முதலாளி மேஸ்திரியிடம் நேரில் போய்ப் பேசினார். குறிப்புக் காலத்தை நாங்கள் எடுக்கவில்லை. எடைமேடை அண்ணன் இப்போதெல்லாம் மாவுப்பூச்சி விழுந்த தோட்டத்துக் கிழங்கா என்பதையும் அதில் சொல்லிவிடுகிறார், அடுத்து அதற்கும் தனியாக ஒரு காலம் போட வேண்டும்.