நோட்ஸா, பழைய வினாத்தாளா? அக்கவுண்டிங் தேர்வுக்கான ரிவிஷன்

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். சிலபஸ் முழுவதையும் நோட்ஸில் இன்னொரு முறை ஓட்டிய பிறகே வினாத்தாளைத் தொடுவோம் என்பது ஒரு கட்சி. அரைகுறையாகத் தெரிந்தாலும் கணக்கைப் போட ஆரம்பித்துவிடுவோம் என்பது மற்றது. நான் இரண்டாவது பக்கம், ஒரு நிபந்தனையோடு.

நோட்ஸ் படிப்பதில் ஒரு சுகம் உண்டு. பக்கம் நகரும், எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அதுதான் வம்பு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். அது உரைநடைப் பத்திகளை வைத்துச் செய்தது. கணக்கில் இந்த இடைவெளி இன்னும் கூடும் என்றே நினைக்கிறேன்.

ஒரு கன்சாலிடேஷன் கணக்கை, அதாவது தாய், துணை நிறுவனக் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கும் கணக்கைப் பாருங்கள். தாய் நிறுவனம் அடக்கவிலைமேல் 25% லாபம் வைத்துத் துணை நிறுவனத்துக்குச் சரக்கு விற்கிறது. ஆண்டு முடிவில் அதில் 50,000க்கு வாங்கிய சரக்கு இருப்பில் கிடக்கிறது. வெளியாருக்கு இன்னும் விற்காத இந்தச் சரக்கில் கழிக்க வேண்டிய லாபம் எவ்வளவு? விடையைப் படிக்கும்போது 50,000 × 25/125 = 10,000 என்பது சர்வசாதாரணம். வெற்றுத்தாளில் போடும்போது கை தானாக 50,000இல் 25% எடுத்து 12,500 என்று எழுதும். விற்றது துணை நிறுவனம் என்று கேள்வியைத் திருப்பினால், அந்தக் கழிவில் ஒரு பகுதியைத் துணை நிறுவனத்தின் சிறுபான்மைப் பங்குதாரர்களின் பங்கிலிருந்தும் குறைக்க வேண்டும். படிக்கையில் இதற்கெல்லாம் தலையாட்டிவிடுவோம், எழுதுகையில் கோட்டை விடுவோம்.

நேரமும் வினாத்தாளில்தான் பழகும். 100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 20 மதிப்பெண் கேள்விக்கு 36 நிமிடம். பேலன்ஸ் ஷீட் டாலி ஆகவில்லை என்று வித்தியாசத்தைத் துரத்தினால் அடுத்த கேள்வி அம்போ. வொர்க்கிங்ஸ் தெளிவாக இருந்தால் படிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும், விட்டுவிட்டு நகருங்கள்.

இனி நிபந்தனை. விடையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு போடும் வினாத்தாளும் நோட்ஸ் படிப்பதும் ஒன்றுதான். முழுசாக எழுதி முடித்து, மதிப்பெண் பிரிப்பை வைத்து நீங்களே கறாராகத் திருத்த வேண்டும். போட்ட நேரத்துக்கு ஈடாகத் திருத்தவும் நேரம் ஒதுக்குங்கள். மதிப்பெண் போனது விதி தெரியாமலா, கேள்வியைச் சரியாகப் படிக்காமலா, கூட்டல் பிசகா, நேரம் போதாமலா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. விதி தெரியாததற்கு மட்டும்தான் நோட்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

தலைப்புவாரியாகப் போடுவதா, கலந்து போடுவதா என்ற சண்டையும் உண்டு. முறை கைவரும்வரை தலைப்புவாரி, பிறகு கலவை. கலந்து போடும்போது மதிப்பெண் குறையும், பயப்பட வேண்டாம். தேர்வில் எந்தக் கேள்வியும் தன் அத்தியாயத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது.

மிகப் பழைய தாள்களில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் எழுதுவது ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள்) அடிப்படையிலான தேர்வு என்றால், 2019இல் ஐஎஃப்ஆர்எஸ் 16 அமலுக்கு வருவதற்கு முந்தைய குத்தகைக் கணக்குகளின் விடைகள் பெரும்பாலும் இன்று செல்லாது.

நோட்ஸ் கட்சிக்கும் ஓர் இடம் உண்டு: தியரி. ஐஏஎஸ் 37 என்ற தரநிலை சொல்லும் ஒதுக்கீட்டின் (தொகையோ காலமோ நிச்சயமில்லாத பொறுப்பின்) மூன்று நிபந்தனைகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், ஃபிளாஷ் கார்டு போதும். ஆனால் கேள்வியில் வருவது ஒரு வழக்கோ உத்தரவாதமோதான். மூன்றையும் ஒப்பித்துவிட்டு, இந்த நிறுவனம் ஒதுக்கீடு காட்ட வேண்டுமா வேண்டாமா என்று முடிவு சொல்லாமல் விட்டால் பாதி மதிப்பெண்கூடத் தேறாது. அந்த முடிவை எழுதிப் பழக மறுபடி வினாத்தாளுக்குத்தான் வர வேண்டும்.