வீட்டுத் தோட்டத்துக்கு வலை: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில் ஆறு மேட்டுப்பாத்திகள் அமைத்துக் காய்கறி வளர்த்து வருகிறேன். பூச்சிக்கொல்லி தெளிப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டதால், விளைச்சலைக் காக்க வலையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கடந்த ஆறு ஆண்டுகளில் அகன்ற கண்களுடைய நைலான் பறவை வலை, நுண்ணிய கண்களுடைய வெள்ளைப் பூச்சித் தடுப்பு வலை, துத்தநாகம் பூசிய கம்பி வலை, காய்க்குக் காய் கட்டும் சிறு வலைப்பைகள் என நான்கு வகைகளையும் பல பருவங்கள் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். இவற்றுள் பறவை வலையைத் தவிர மற்ற மூன்றும் இன்றும் என் தோட்டத்தில் இருக்கின்றன. பறவை வலையை ஏன் அகற்றினேன் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்; புதிதாக வலை வாங்குபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

நான் வாங்கியது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கண்ணளவு கொண்ட, ஒற்றை இழையால் ஆன மெல்லிய வலை. எடை குறைவு, விலையும் குறைவு, ஒருவரே விரித்துவிடலாம். பழுக்கத் தொடங்கிய தக்காளிகளைப் பறவைகள் கொத்திப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் செடிகளின் மேல் அப்படியே போர்த்தினேன். முதல் பருவத்தில் கொத்தல் ஏறக்குறைய முழுவதும் நின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் விடியற்காலையில் தண்ணீர் ஊற்றப் போனபோது, பாத்தியின் ஓரத்தில் சுருண்டு கிடந்த வலைக்குள் ஒரு சாரைப்பாம்பு சிக்கியிருந்தது. தலை ஒரு கண்ணின் வழியே வெளியே வந்திருந்தது. உடலின் பருத்த பகுதி அடுத்தடுத்த கண்களில் இறுகியிருந்ததால் முன்னே போக அதனால் முடியவில்லை. செதில்கள் பின்நோக்கி அமைந்தவை என்பதால் பின்னால் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. அது இரவெல்லாம் திமிறியிருக்க வேண்டும். இழை செதில்களுக்கு அடியில் புதைந்து, சில இடங்களில் தோலையே அறுத்திருந்தது. பாம்பு பிடிப்பதில் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து, அதன் தலையைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, நகம் வெட்டும் சிறு கத்தரியால் ஒவ்வோர் இழையாக நறுக்கினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாம்பு பிழைத்தது. எலிகளைத் தின்று என் தோட்டத்துக்கு நன்மை செய்துகொண்டிருந்த உயிரை நானே கட்டிப்போட்டேன் என்ற வருத்தம் நெடுநாள் நீங்கவில்லை. அன்று மாலையே அந்த வலையை முழுவதும் அகற்றிவிட்டேன்.

மெல்லிய இழை, அகன்ற கண், தளர்வாகப் போர்த்துதல் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் வலை பொறியாக மாறுகிறது என்பதை அதன் பிறகே புரிந்துகொண்டேன். ஓணான், தேரை, சிறு பறவை, வௌவால் என எதுவும் இதற்குத் தப்புவதில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களையும் காய்கறிகளையும் மூடும் வலை, முழுவதும் இழுத்துப் பிடித்த நிலையில் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் என்ற கண்ணளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கையில் அளவுகோல் இல்லாவிட்டால், சுண்டுவிரல் கண்ணுக்குள் நுழைகிறதா என்று பார்த்தால் போதும். நுழைந்தால் அந்த வலை வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் சமரசம் செய்துகொள்ள வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பூச்சித் தடுப்பு வலையைத் தேர்ந்தெடுக்க, எந்தப் பூச்சியைத் தடுக்கப் போகிறோம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். கடைகளில் 40 மெஷ், 50 மெஷ் என்று சொல்வது ஓர் அங்குல நீளத்தில் உள்ள கண்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். இழையின் தடிமனைக் கழித்தால் 40 மெஷ் வலையில் ஒரு கண் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்கும். முட்டைக்கோசில் முட்டையிடும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியைத் தடுக்க 7 மில்லிமீட்டர் கண்ணே போதுமானது. அதே முட்டைக்கோசைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி மிகச் சிறியது. அதற்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கண் தேவை. கத்தரியில் குருத்தையும் காயையும் துளைக்கும் புழுவின் தாய் அந்துப்பூச்சியையும், பாகலையும் பீர்க்கையும் கெடுக்கும் பழ ஈயையும் 40 மெஷ் வலை ஐயமின்றித் தடுக்கும். வெள்ளை ஈயின் உடல் இந்தக் கண்ணைவிடக் குறுகியது என்பதால் அதன் வரவு குறையுமே தவிர நிற்காது. இலைப்பேனை நிறுத்த 0.2 மில்லிமீட்டருக்கும் குறுகிய கண் வேண்டும். அவ்வளவு நெருக்கமான வலைக்குள் காற்றோட்டம் மிகவும் குறைந்துவிடும். ஆகையால் வீட்டுத் தோட்டத்தில் இலைப்பேனுக்காக வலை கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் ஆறு பாத்திகளில் நான்கில் 40 மெஷ் வலையே உள்ளது.

கண்ணளவைச் சரியாகத் தேர்ந்தெடுத்தும் முதல் ஆண்டு முட்டைக்கோசில் புழு வந்தது. அப்போது நான் கட்டியிருந்தது 5 மில்லிமீட்டர் வலை. காரணம் தெரியாமல் பல நாள் தேடினேன். ஒரு நண்பகலில் பாத்தி அருகே உட்கார்ந்திருந்தபோது, வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து, இலை வலையை முட்டிக்கொண்டிருந்த இடத்தில் சரியாக உட்கார்ந்தது. சிறகுகளை மூடி, வயிற்றின் நுனியை வளைத்து, வலைக்கண்ணுக்குள் விட்டு இலையைத் தொட்டு எடுத்தது. அது பறந்ததும் குனிந்து பார்த்தேன். இலையின் மேல் மஞ்சள் நிறத்தில் கூர்மையான சிறு முட்டை ஒன்று நின்றுகொண்டிருந்தது. வலையும் இலையும் தொட்டுக்கொள்ளும் இடமெல்லாம் வாசல் என்பது அன்றுதான் விளங்கிற்று. அடுத்த வாரமே குழாய்களை வளைத்துப் பாத்தியின் இரு பக்கமும் ஊன்றி, செடி முழு வளர்ச்சி அடைந்தாலும் வலைக்கும் இலைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி கூடாரம் அமைத்தேன். செடி இன்று இருக்கும் உயரத்தைப் பார்த்துச் சட்டம் கட்டுவது வீண் வேலை. இரண்டு மாதம் கழித்து எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டே கட்ட வேண்டும்.

ஆறு ஆண்டுகளில் நான் கற்றவற்றுள் முதலிடம் வலையின் அடிவிளிம்புக்குத்தான். கண்ணளவைப் பற்றி மணிக்கணக்கில் ஆராய்ந்துவிட்டு, கீழ் விளிம்பை நான்கு கல் வைத்து நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன். காற்று அடித்தால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வலை எழும்பும். அந்த இரண்டு அங்குல இடைவெளி போதும், 40 மெஷ் வலைக்குச் செலவிட்ட பணம் பயனற்றுப் போய்விடும். இப்போது வலையைப் பாத்தியின் அளவைவிட எல்லாப் பக்கமும் ஒரு முழம் அதிகமாக வெட்டுகிறேன். மூன்று பக்கங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, விளிம்பை உள்ளே விட்டு மண் மூடி மிதித்துவிடுகிறேன். நான்காவது பக்கம் அன்றாடம் திறக்கும் பக்கம் என்பதால், அதன் விளிம்பை நீண்ட மூங்கில் கழி ஒன்றில் சுற்றித் தைத்திருக்கிறேன். கழியை உருட்டி மேலே ஏற்றினால் திறக்கும். இறக்கினால் அதன் எடையிலேயே தரையோடு படிந்துவிடும். ஜிப் வைத்துத் தைத்த ஆயத்தக் கூடாரம் ஒன்றையும் பயன்படுத்தினேன். மண்ணும் தூசியும் அடைத்து இரண்டாம் பருவத்திலேயே ஜிப் நகரவில்லை. கழி நான்கு ஆண்டுகளாக உழைக்கிறது.

உள்ளே வர முடியாதது போலவே, உள்ளே இருப்பது வெளியேறவும் முடியாது. முந்தைய பருவத்தில் பழ ஈ தாக்கிய பாகல் நின்ற பாத்தியில், வலை கட்டி மீண்டும் பாகலே நட்டேன். பழ ஈயின் புழு காயிலிருந்து மண்ணில் விழுந்து, மண்ணுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிப் பிறகுதான் ஈயாக வெளிவரும் என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. ஈக்கள் கூடாரத்துக்குள்ளேயே பிறந்து, வேறு எங்கும் போக வழியின்றி என் பாகலையே முழுவதும் கெடுத்தன. இப்போது அந்தக் குடும்பப் பயிர் நின்ற பாத்தியில் அடுத்த பருவம் கீரையோ வெண்டையோ போடுகிறேன். சொத்தைக் காய்களைப் பொறுக்கி, வாய் கட்டிய பையில் அடைத்து வெயிலில் வைத்த பிறகே குப்பையில் சேர்க்கிறேன்.

அசுவினி இதைவிடப் பெரிய தலைவலி. நாற்றின் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு வரும் ஓர் அசுவினி போதும். பெண் பூச்சி இணை சேராமலேயே குட்டிகளை ஈன்றுகொண்டிருக்கும். திறந்த வெளியில் பொறிவண்டும் அதன் புழுக்களும் குளவிகளும் அசுவினியைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. அந்த நண்பர்கள் அனைவரையும் வலை வெளியே நிறுத்திவிடுகிறது. மூன்றாம் ஆண்டில், வெளியே வளர்ந்த மிளகாய்ச் செடிகள் தெளிவாக இருக்க, வலைக்குள் வளர்ந்தவற்றின் குருத்துகள் அசுவினி மொய்த்துச் சுருண்டு கிடந்தன. அதிலிருந்து, நடுவதற்கு முன் ஒவ்வொரு நாற்றையும் தலைகீழாகப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுகிறேன். வாரம் ஒரு முறை உள்ளே உட்கார்ந்து குருத்துகளைப் பார்க்கிறேன். அசுவினி தென்பட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வெளியே காணும் பொறிவண்டுகளைப் பிடித்து உள்ளே விடுகிறேன். வலை கட்டிவிட்டால் பார்க்கும் வேலை குறையும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதை அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தேனீக்களும் உள்ளே வர முடியாது என்பதால் பயிருக்கேற்ப நடந்துகொள்ள வேண்டும். கீரை, முட்டைக்கோசு, முள்ளங்கி ஆகியவற்றுக்குப் பூவே தேவையில்லை; விதைத்த நாளிலிருந்து அறுவடை வரை மூடியே வைக்கலாம். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவற்றின் ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால், காலையில் செடியை மெல்லத் தட்டி அசைத்தால் பெரும்பாலும் காய் பிடிக்கிறது. கொடிக்காய்களில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருப்பதால் கையால் மகரந்தம் சேர்த்தே ஆக வேண்டும். ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டு, அடியில் பிஞ்சுடன் நிற்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். நேரம் தவறக் கூடாது. பாகல், வெள்ளரி, பூசணி காலையில் மலர்பவை. பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை. முதல் பருவத்தில் பீர்க்கம்பூவைக் காலையில் தேடிப் போய், வாடிய பூக்களை மட்டுமே பார்த்துத் திரும்பினேன். கொடி பந்தலை நிறைத்த பிறகு பூக்களின் எண்ணிக்கை கைக்கு அடங்குவதில்லை. ஆகவே இப்போது கொடிகளுக்குக் கூடாரம் கட்டுவதை விட்டுவிட்டு, பிஞ்சு விரல் அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் வலைப்பை போட்டுக் காம்பில் சுருக்கிக் கட்டிவிடுகிறேன். தேனீ தன் வேலையைச் செய்கிறது, பழ ஈக்கு இடமில்லை. பை பெரிதாக இருக்க வேண்டும். காய் வளர்ந்து பையின் உட்புறத்தை அழுத்தினால், முட்டைக்கோசில் நடந்ததே இங்கும் நடக்கும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். நுண்கண் வலைக்குள் காற்று தேங்குவதால் ஈரம் கூடி, மழைக்காலத்தில் இலைகளில் பூசண நோய்கள் விரைவில் பரவுகின்றன. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்களில் தக்காளிப் பூக்கள் உதிர்வதும் உள்ளேதான் அதிகம். செடிகளுக்கிடையே வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விடுவதும், அடியிலைகளைக் கிள்ளிவிடுவதும் ஓரளவு உதவின.

அணிலும் எலியும் வந்தால் நைலானாலும் பாலித்தீனாலும் பயனில்லை. கொறிக்கும் விலங்குகளின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. ஒரே இரவில் கைம்முட்டி அளவுக்குத் துளையிட்டுவிட்டன. சர்க்கரைவள்ளியும் நிலக்கடலையும் போடும் இரண்டு பாத்திகளுக்கு 6 மில்லிமீட்டர் கண்ணுடைய, பற்றவைத்த கம்பி வலையைப் பக்கங்களிலும் மேலும் அடித்து, அடியில் ஓர் அடி ஆழம் இறக்கி, அங்கிருந்து வெளிப்புறமாக ஓர் அடி மடக்கிப் புதைத்திருக்கிறேன். எலி சுவரை ஒட்டித் தோண்டும்போது அந்த மடிப்பில் முட்டிக்கொண்டு விட்டுவிடுகிறது. வெட்டும்போது கையுறை அணிவது கட்டாயம். நான்கு ஆண்டுகளில் மண்ணுக்கடியில் மட்டும் துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. மேலே ஒரு குறையும் இல்லை.

வெள்ளை வலையின் ஆயுள் புற ஊதாக் கதிர்த் தடுப்பு சேர்க்கப்பட்டதா என்பதைப் பொறுத்தது. அது இல்லாத ஒரு சுருள் என்னிடம் ஒன்றரை ஆண்டில் பொடிந்தது. அது சேர்த்த சுருள் ஐந்தாவது ஆண்டில் இருக்கிறது. பருவத்துக்கு ஒரு முறை கழற்றி, சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி வைக்கிறேன். மீண்டும் கட்டுமுன் ஓர் ஓரத்தை மடித்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்ப்பேன். இழை முறிந்தாலோ தூள் ஒட்டினாலோ அந்தப் பகுதியைக் கூடாரத்துக்குப் பயன்படுத்துவதில்லை. பொடியத் தொடங்காமல் கிழிந்து மட்டும் போன துண்டுகளை வெட்டி, ஓரம் தைத்து, பாகலுக்கும் பீர்க்குக்கும் பைகளாக்குகிறேன். இந்தப் பருவத்துக்கு அப்படி முப்பது பைகள் தைத்து வைத்திருக்கிறேன். பாகலில் முதல் பிஞ்சுகள் நேற்றுத்தான் தென்பட்டன.