ரேகை விழாத கட்டைவிரல்

ஊரில் வீடு வாங்கிப் பத்திரம் பதிந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியிருக்கிறேன். வில்லங்கம் பார்த்தது, பணம் அனுப்பியது, பத்திரம் எழுதியது எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பதிவன்று வீட்டை விற்ற பாட்டி பட்ட பாடுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பாட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் திண்ணை வைத்த ஓட்டு வீடு. தாத்தா போன பிறகு தனியாகவே இருந்தவர், இனி முடியாது, கோயம்புத்தூரில் மகளோடு இருந்துவிடுகிறேன் என்று முடிவெடுத்தார். வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்குக் கொடுத்தார். நாள் குறித்தவரும் அவர்தான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது, அதிலும் முகூர்த்தம், பன்னிரண்டு மணி ராகு காலத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அவர் கேட்டது இது ஒன்றுதான். எங்களுக்குக் கிடைத்த டோக்கன் பத்தரை மணிக்கு என்பதால் எல்லாம் கூடி வந்த மாதிரிதான் இருந்தது.

முகூர்த்த நாளில் பத்திரப்பதிவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அரசே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100 டோக்கன் 150 ஆகிறது. டோக்கன் கூடுகிறதே தவிர நாற்காலி கூடுவதில்லை. அலுவலகம் மாடியில். மருமகன் தோளையும் கைப்பிடிச் சுவரையும் பிடித்துக்கொண்டு படிக்கொரு தரம் நின்று நின்று ஏறினார் பாட்டி. மேலே இருந்த பெஞ்சுகள் நிறைந்திருந்தன. பாட்டியைப் பார்த்து ஒரு கைக்குழந்தைக்காரப் பெண்தான் எழுந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பாட்டி சுவரில் சாய்ந்துகொண்டார்.

எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. கம்ப்யூட்டரில் இருந்த தம்பி, ஆதார் சரிபார்ப்புக்காக வலது கட்டைவிரலை அந்தச் சின்னக் கண்ணாடி மேல் வைக்கச் சொன்னார். பாட்டி வைத்தார். ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தார். ஏற்கவில்லை. "தலையில தேய்ச்சிட்டு வைங்க பாட்டி" என்றார் தம்பி. எண்ணெய்ப் பசை பட்டால் சில நேரம் எடுக்கும் என்று ரேஷன் கடையில் எல்லோருக்கும் பழக்கமான வைத்தியம் அது. பாட்டிக்கும் தெரிந்திருந்தது, நெற்றியோரம் வெள்ளை முடியில் விரலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். அப்புறம் இடது கட்டைவிரல், அப்புறம் ஆள்காட்டி விரல். தம்பி எழுந்து வந்து பாட்டியின் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்தினார். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார்.

நான் பக்கத்தில் நின்று அந்த விரலைப் பார்த்தேன். ரேகை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. நாற்றுப் பறித்து, நட்டு, களை எடுத்து, பாத்திரம் துலக்கி, மழமழவென்று தேய்ந்து கிடந்தது. அந்த வீட்டுக்குக் கொல்லைச் சுவர் எழுப்பியபோது மண் குழைத்த கை அது.

"நல்லா அழுத்தி வைங்க பாட்டி."

"அழுத்தித்தான் தம்பி வைக்கிறேன். என் கை இல்லன்னு சொல்லுதா அது?"

தம்பி பதில் சொல்லவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அடுத்தவங்க வரட்டும்" என்றார். தள்ளி நின்றோம். பன்னிரண்டு அடித்தது. பாட்டி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

சின்ன வயதில் அப்பாவோடு பத்திர ஆபீசுக்குப் போயிருக்கிறேன். வாசலில் மரத்தடியில் பத்திர எழுத்தர்கள், முத்திரைத்தாள் வாசனை, உள்ளே மைப்பெட்டி. கிழவிகளின் விரலை மையில் உருட்டிக் காகிதத்தில் உருட்டி எடுத்து, துடைத்துக்கொள்ளத் துணியும் கொடுப்பார்கள். தேய்ந்த விரல் என்று யாரையும் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. பதிந்த பத்திரம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அது வேறு விஷயம். இன்று அன்றைக்கே ஸ்கேன் செய்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். வில்லங்கத்தை ஜூரோங்கில் வீட்டிலிருந்தபடியே பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்ட துறை, தன் முன்னால் நிற்கிற ஒரு முதியவருக்கு என்ன வழி என்று யோசிக்காமல் இருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு வாங்கியபோது தோ பாயோவில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மையத்துக்குப் போனோம். எண் வரும்வரை உட்கார்ந்திருந்தோம், கூப்பிட்டதும் போய் முடித்துக்கொண்டு வந்தோம். விற்றவரும் வயதானவர்தான், அவர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வரி சிங்கப்பூரிலும் உண்டு. நிரந்தரவாசி என்பதால் வழக்கமான முத்திரை வரிக்கு மேலே இன்னும் 5 சதவீதம் கட்டினேன். ஆகவே வரியைப் பற்றி நான் புலம்பவில்லை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023இல் கட்டணத்தை 4இலிருந்து 2 ஆகக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை, அதாவது சொத்துக்கு அரசு குறிக்கும் விலையை, 2017இல் இருந்த அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். சரி, கட்டிவிட்டோம். ஒரு வீட்டின் விலையில் 9 சதவீதம் வாங்குகிற இடத்தில் முதியவர்களுக்கென்று நான்கு நாற்காலி போட முடியாதா? கீழ்த்தளத்தில் ஒரு அறை ஒதுக்க முடியாதா?

விரலுக்கும் வழி இருக்கிறது. ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்றை செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்று 2021இலேயே வந்துவிட்டது. அதே ஆதார், அதே முகம்தான், பத்திர ஆபீசிலும் அப்படிப் பார்க்கலாமே.

கடைசியில் எங்கள் பதிவு எப்படி நடந்தது தெரியுமா? சாப்பாட்டு நேரம் முடிந்து, ராகு காலமும் கழிந்த பிறகு, சார்பதிவாளரே பாட்டியைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். "வீட்டை நீங்களாத்தான் விக்கிறீங்களா? எவ்வளவுக்கு? பணம் வந்து சேர்ந்துச்சா? யாராவது கட்டாயப்படுத்துனாங்களா?" என்று கேட்டார். பாட்டி ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். தொகையைப் பைசா விடாமல் சொன்னார். வாக்காளர் அட்டையைப் பார்த்து, சாட்சிகள் இரண்டு பேரையும் விசாரித்து, பதிவை முடித்துக் கொடுத்தார். சில நிமிட வேலை. விற்பவர் இவர்தானா, பத்திரம் எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று அதிகாரி விசாரித்துத் தெரிந்துகொள்வதுதான் பதிவுச் சட்டம் கேட்பதும். அந்தச் சார்பதிவாளர் அம்மாவுக்கு நான் மனதார நன்றி சொன்னேன். பதினொன்றுக்கே இதைச் செய்திருந்தால் பாட்டி ஆசைப்பட்ட நேரமும் தவறியிருக்காது.

இன்னொன்று. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, உடல் தளர்ச்சியால் சிரமமோ ஆபத்தோ இல்லாமல் வர முடியாதவர்கள் அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை என்கிறது. அதிகாரி வீட்டுக்கே போய் விசாரிக்கலாம், அல்லது வேறொருவரை அனுப்பி விசாரிக்கலாம். பாட்டியின் மகளிடமோ என்னிடமோ இதை யாரும் சொல்லவில்லை. பத்திர எழுத்தரிடம் கேட்டால், "அதெல்லாம் படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குத்தான் சார்" என்றார். சட்டத்தில் படுக்கை என்ற பேச்சே இல்லை. மாடிப்படி ஏறும் இடத்தில் இதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் எத்தனை பேருக்கு உதவும்.

வெளிநாட்டிலிருந்து போய் வயதானவர்களிடம் வீடு வாங்குபவர்களும், அப்பா அம்மா சொத்தை எழுதி வாங்குபவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிக்கக் கேட்கும் மனுவை மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஆதார் தவிர இன்னொரு அடையாள அட்டையும், விற்பவரை நன்றாகத் தெரிந்த சாட்சிகளும் கையோடு இருக்கட்டும். அடுத்து எங்கள் பெரியம்மாவின் தான செட்டில்மென்ட் பதிய வேண்டியிருக்கிறது. அவரால் வாசற்படியைத் தாண்டவே முடியாது. 38ஆம் பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதி அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.