மேடைக்கு முன்னாலா, மிக்சர் பக்கமா?

திறந்தவெளி இசை விழாவில் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால், எல்லா ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சர் மேசைப் பக்கம் நில்லுங்கள். ஒலிப்பொறியாளர் அங்கே நின்றுதான் எல்லா அளவையும் சரிசெய்கிறார்; அவர் காதில் விழுவதே உங்களுக்கும் விழும். மேசைக்குப் பின்னால் போனால் கூடாரம் மறைக்கும், முன்பக்கமே நல்லது. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி சுமார் 0.09 விநாடி பிந்தி வரும்: டிரம்மில் குச்சி விழுவதைப் பார்த்த பிறகுதான் சத்தம்.

முன்வரிசையில் கதையே வேறு. இருபுறமும் உயரத்தில் தொங்கும் ஸ்பீக்கர்களின் ஒலி தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் நேரே வந்து அறைய, பாடுகிறவர் குரல் மெலியும். கீழே தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபர் நெஞ்சை அதிர வைக்கும். காதடைப்பான் இல்லாமல் நிற்கவே கூடாது. ஆனாலும் டிரம்மர் தலையசைத்ததும் பாஸ் கிட்டார்காரர் பல்லவிக்குத் திரும்புவதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். அதற்காகவே முண்டியடித்துப் போகலாம்.