மரப்படிக்கு மறைவுப் பிடிப்பு: தகடா, கம்பியா, அடைத்த ஸ்க்ரூவா?

மாடிப்படிக்கு இரும்பு பீம் மேல் தேக்குப் பலகை, ஸ்க்ரூ தலை எங்கும் கண்ணில் படக் கூடாது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. மேலிருந்து ஸ்க்ரூ போட்டு மரத்துண்டால் அடைப்பது, சுவரிலிருந்து நீளும் கம்பியில் பலகையைச் செருகுவது, பலகைக்கு அடியில் தகடு வைத்து போல்ட் முடுக்குவது. என் ஓட்டு மூன்றாவதற்கு.

அடைப்பு முறை எல்லா ஆசாரிக்கும் கைவந்தது, செலவும் குறைவு. படி கிறீச்சிட ஆரம்பித்தால்தான் சிக்கல். அடைப்பைத் துளைத்து எடுத்து, முடுக்கி, மறுபடி அடைத்து, அந்த இடத்துக்கு மட்டும் பாலிஷ் போட்டால் புள்ளி தெரியும்.

எந்த முறையிலும் வழக்கைத் தீர்ப்பது மரத்தின் அசைவு, அதாவது ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்குவது. பலகை நீளவாக்கில் அசைவதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அகலவாக்கில் அசையும். 280 மி.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 5 சதவீதம் மாறினால், அகலம் சுமார் 2.5 மி.மீ. வரை மாறும். சேலத்துச் சித்திரை வெயிலில் காய்ந்த பலகையை ஏற்காட்டுக்கு ஏற்றினால் ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் உப்பும். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக்கைச் சரியாகக் காயாமல் கீழே இறக்கிப் பொருத்தினால் சுருங்கி, ரேகையோடு வெடிக்கும். பலகையைப் பொருத்தப்போகும் வீட்டிலேயே சட்டம் வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் காற்றாட விடுவது பாதி வேலை. மீதியைப் பிடிப்பு செய்ய வேண்டும்.

கம்பி முறையின் அழகை மறுக்க முடியாது, படி அந்தரத்தில் நிற்கும். ஆனால் 900 மி.மீ. நீளப் படியின் நுனியில் 80 கிலோ ஆள் நின்றால், சுவர் ஓரத்தில் சுமார் 700 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை விழுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் துளை போட்டுக் கம்பியை ஒட்டினால் இதைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. சுவருக்குள் இரும்பு பாக்ஸ் பீம் புதைத்து, அதில் கம்பியை வெல்டிங் செய்ய வேண்டும், அளவைப் பொறியாளர் சொல்ல வேண்டும். 25 மி.மீ. கம்பிக்குப் பலகை 60 மி.மீ. தடிமனாவது வேண்டும். இரண்டு கம்பியையும் எபாக்ஸிப் பசை ஊற்றி இறுக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. மரம் அசைய இடமில்லாமல் நடுவே கீறும், பலகையைக் கழற்றவும் வழியில்லை. ஒரு துளையை இறுக்கமாகவும் மற்றதை அகலவாக்கில் நீள்வட்டமாகவும் போட்டு, அடியிலிருந்து பூட்டு ஸ்க்ரூ வைத்தால் ஓரளவு தப்பலாம்.

தகடு முறைக்கு 40 மி.மீ. பலகை போதும். பலகையின் இரு முனையிலும் பீமோடு வெல்டிங் செய்த 6 மி.மீ. தகடு, தகட்டுக்கு இரண்டு எம்8 (8 மி.மீ.) போல்ட், ஆக ஒரு படிக்கு நான்கு. முன்பக்கத் துளை 9 மி.மீ. வட்டம். பின்பக்கத் துளை படியின் முன்பின் திசையில் 9-க்கு 16 மி.மீ. நீள்துளை. இதனால் படி விளிம்பு நகராது, அசைவெல்லாம் பின்னால் போய்விடும். வெல்டர் பெரும்பாலும் நீள்துளையைப் பக்கவாட்டில் போட்டுவிடுவார். வெட்டுவதற்கு முன் சாக்பீஸால் திசையைக் கோடு போட்டுக் காட்டுங்கள். தகடு மறையப் பலகையின் அடியில் 6 மி.மீ. ஆழத்துக்கு ரூட்டர் (மரத்தில் குழி வெட்டும் மெஷின்) ஓட்ட வேண்டும். அந்தக் குழியையும் முன்பின்னாக 3 மி.மீ. தாராளமாக விடாவிட்டால் நீள்துளை இருந்தும் பயனில்லை.

மரத்துக்குள் போல்ட் பிடிக்க இன்சர்ட் நட், அதாவது மரத்தில் திருகி இறக்கும், உள்ளே மரை வெட்டிய குழாய் நட். மலிவான துத்தநாகக் கலவை நட் வேங்கை போன்ற கடின மரத்தில் திருகும்போதே உடையும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். துளை அளவைக் கழிவுத் துண்டில் போட்டுப் பார்த்துவிட்டே பலகையில் கை வைக்க வேண்டும். குழியடியிலிருந்து 22 மி.மீ. ஆழத்துக்கு மேல் போனால் மேற்பரப்புக்கு மிச்சம் போதாது. போல்ட் நீளம் 25 மி.மீ. அதைவிட நீண்டால் துளையடியில் முட்டி, முடுக்க முடுக்க நட்டையே பிடுங்கிக்கொண்டு வரும்.

ஏற்காட்டு ஈரத்துக்கு 304 ஸ்டெயின்லெஸ் போல்ட்தான். சாதா இரும்பு துருப்பிடிப்பதோடு, வேங்கையின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருங்கறை ஏற்றும். தகட்டுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கோட், மரத்துக்கும் தகட்டுக்கும் இடையில் 1 மி.மீ. ரப்பர் ஷீட். பின் போல்ட்டில் நைலான் வாஷர் வைத்து, பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும். முழு பலத்தில் முடுக்கினால் நீள்துளை வேலை செய்யாது. முதல் மழைக்காலம் கழிந்ததும் 13 நம்பர் ஸ்பேனரோடு ஒருமுறை சுற்றி வந்தால் போதும். பாலிஷ் போடும் காலத்தில் பலகையைக் கழற்றி அடிப்பக்கமும் பூசலாம். அடிப்பக்கம் பூசாத பலகை ஒருபக்கம் மட்டும் ஈரம் குடித்து வளையும்.

கான்கிரீட் படிமேல் மரம் போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது, அடியில் கை போகாது. அவர்கள் மேலிருந்து ஸ்க்ரூவும் அடைப்பும் என்றே போக வேண்டும். அங்கும் முன் வரிசைத் துளையைச் சரியளவாகவும், பின் வரிசையை ஸ்க்ரூவைவிட 3 மி.மீ. அகலமாகவும் போட்டு, தலைக்கு அடியில் வாஷர் வையுங்கள்.