ரெடிமிக்ஸ் வாங்குபவர்களே, டிரம்முக்குள் போகும் தண்ணீரைப் பாருங்கள்

தாம்பரம் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் தளத்துக்கு ரூஃப் போட 18 கன மீட்டர் ரெடிமிக்ஸ் (கம்பெனியிலேயே கலந்து லாரி டிரம்மில் வரும் கான்கிரீட்) சொல்லியிருந்தோம். எம்-25 (28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் பலம்), ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) 150 மி.மீ., மூன்று லாரி. கம்பெனி பெயரைப் போடவில்லை, பேச்சு இன்னும் முடியவில்லை.

முதல் இரண்டு லாரியில் எந்தக் குறையும் இல்லை. மூன்றாவதில்தான் வினை. சலானில் லோடு ஏற்றிய நேரம் காலை 9.10. லாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது 11.55. வேறு மாதிரி பேசி வைக்காவிட்டால், லோடு ஏற்றி 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

கலவை கட்டி கட்டியாக விழுந்தது. பம்ப் அடைத்துக்கொள்ளும், ஓட்ட மாட்டேன் என்றார் பம்ப்காரர். டிரைவர் ஓஸைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். "வெயில்ல கொஞ்சம் இறுகிடுச்சு சார். தண்ணி காட்டினா சரியாயிடும்." எங்கள் மேஸ்திரியும் தலையாட்டினார். இளகிய கலவை பரப்ப லேசு, அவருக்கு ஏன் கசக்கப்போகிறது? லாரித் தொட்டியின் கண்ணாடிக் குழாயில் மட்டம் இறங்கியதை நானே பார்த்தேன், சுமார் 240 லிட்டர். பெரிதாகத் தோன்றவில்லை.

பிறகு கம்பெனிப் பையன் கோனைக் கொண்டுவந்தான். அடியில் 200, மேலே 100, உயரம் 300 மி.மீ. உள்ள இரும்புக் கூம்பு. கலவையை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் 16 மி.மீ. கம்பியால் 25 குத்து குத்தி, நேராகத் தூக்க வேண்டும். கலவை எத்தனை மி.மீ. உட்காருகிறதோ அதுதான் ஸ்லம்ப். பையன் ஒரே கொட்டாகக் கொட்டி, நாலு குத்து குத்தித் தூக்கினான். டேப்பை வைத்து, "பாருங்க சார், 150. கையெழுத்துப் போடுங்க." போட்டுத் தொலைத்தேன்.

முறையாகச் செய்திருந்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வந்திருக்கும். நான் ஏமாந்தது அங்கேதான். தன் எடையிலேயே கலவை எவ்வளவு சரிகிறது என்பதைத்தான் கோன் காட்டும். அட்மிக்சரால் (கலவையை இளக்கச் சேர்க்கும் ரசாயனம்) இளகியதா, தண்ணீரால் இளகியதா என்று அதற்குத் தெரியாது. கணக்கைப் பாருங்கள். அவர்கள் கொடுத்த மிக்ஸ் டிசைனில் கன மீட்டருக்குச் சிமெண்ட் 320 கிலோ, தண்ணீர் 154 லிட்டர், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.48. லாரியில் 6 கன மீட்டர். 240 லிட்டரைப் பிரித்தால் கன மீட்டருக்கு 40 கூடி 194. விகிதம் 0.6-ஐத் தாண்டிவிட்டது. சிமெண்ட் ஒரு கிலோகூடக் கூடவில்லை. பலம் இறங்காமல் என்ன செய்யும்? நேரத்துக்குள் வந்த லாரி இறுகியிருந்தால், கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு ஆள் முன்னால் அட்மிக்சர் கொஞ்சம் சேர்த்து டிரம்மைச் சுற்றுவார்கள். நேரம் தாண்டியதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

மேலே கம்பி பார்த்துக்கொண்டிருந்த மச்சான் (அவர் சிவில் இன்ஜினியர்) இறங்கி வருவதற்குள் பாதி லோடு ஏறிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, மிச்சத்திலிருந்து மூன்று கியூப் (பின்னால் உடைத்துப் பலம் பார்க்க அச்சில் வார்க்கும் கான்கிரீட் கட்டி) எடுத்தார். அன்று மாலை அந்த லோடு விழுந்த மூலையில் மட்டும் தண்ணீர் மேலே மிதந்தது.

28 நாள் கழித்துக் கம்பெனி ரிப்போர்ட் 30.5 என்று வந்தது, சந்தோஷமாக. கியூப் எந்த லாரியில் எடுத்தீர்கள் என்று கேட்டோம். இரண்டாவதில். எங்கள் கியூப்களை வெளி லேபில் உடைத்தோம், சராசரி 21.2. பிறகு அந்த மூலையில் மூன்று கோர் (தளத்தைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்தோம். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 கணக்குப்படி கோர் சராசரி 25-இல் 85 சதவீதம், அதாவது 21.25 வந்திருக்க வேண்டும். வந்தது 20.4.

கம்பெனிக்குப் போனால், நான் கையெழுத்துப் போட்ட அந்த 150 மி.மீ. தாளை எடுத்து மேஜையில் வைக்கிறார்கள். மூன்றாவது லாரிக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. அந்த மூலையில் முட்டும் எடுக்கவில்லை.