புஸ் மோத்தா, லெப்பர்ட் மோத்தா? பழைய படத்தில் பிரித்தறிவது எப்படி

1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய் ஜூஹுவுக்கு ஜே.ஆர்.டி. டாடா தபால் கொண்டுவந்தது டி ஹாவிலாண்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் புஸ் மோத் என்ற சிறு விமானத்தில். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸ் வரை கொண்டுபோனவர் டாடாவின் கூட்டாளியான விமானி நெவில் வின்ட்சென்ட். 1982இல், ஐம்பதாம் ஆண்டு நினைவாக, 78 வயதில் டாடா அதே கராச்சி–பம்பாய் வழியில் மறுபடி பறந்தார். இந்தத் தடவை அவர் ஓட்டியது அதே கம்பெனியின் லெப்பர்ட் மோத். இந்த இரண்டாவது விமானத்தின் மங்கலான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்து 'முதல் தபால் விமானம்' என்று யாராவது எழுதிவிட்டால், சட்டென்று மறுக்க முடியாது. இரண்டும் அவ்வளவு ஒத்த சாயல்: கேபின் கூரைமேல் ஒற்றை இறக்கை, தலைகீழாக மாட்டிய நான்கு சிலிண்டர் இன்ஜின், டி ஹாவிலாண்டுக்கே உரிய உருண்டை வால்.

என்னைக் கேட்டால், முதலில் சக்கரக் காலைப் பாருங்கள். புஸ் மோத்தில் சக்கரத்திலிருந்து கிளம்பும் தடித்த கால் கேபினை ஒட்டியே மேலே ஏறி, இறக்கை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் முடியும். லெப்பர்ட் மோத்தில் அதே கால் முன்பக்கமாகச் சாய்ந்து, இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்பில் சேரும். பக்கவாட்டில் எடுத்த படம் என்றால் இது ஒன்றே போதும். படம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் இந்தக் கோடு மட்டும் பெரும்பாலும் தப்பிவிடும்.

பறக்கும்போது கீழிருந்து எடுத்த படமானால் இறக்கைதான் துணை. புஸ் மோத்தின் இறக்கை ஏறக்குறைய ஒரே அகலத்தில் போகும். லெப்பர்டின் முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்து, நுனியில் குறுகும். நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் இதை நம்ப முடியாது.

உடல் செய்த விதமும் வேறு. புஸ் மோத் எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது, லெப்பர்ட் ஒட்டுப்பலகை. உள்ளே லெப்பர்டில் விமானி முன்னால் நடுவில், பின்னால் இருவர் பக்கத்தில் பக்கத்தில். புத்தகத்தில் படிக்க நன்றாக இருக்கும், தபால்தலை அளவுப் படத்தில் ஒன்றும் தெரியாது.

நிறத்தை வைத்து முடிவு செய்யவே வேண்டாம். அந்தக் காலத்துப் படச்சுருள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புப் பட்டை கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும்.

சரி, விமானத்தின்மேல் எழுதிய பதிவெழுத்து இருக்கிறதே, அதைப் படித்தால் முடிந்ததே? முழுதாகத் தெரிந்தால் அதைவிட வலுவான சாட்சி இல்லை. இந்திய விமானம் 'விடி' என்று தொடங்கும். டாடாவின் புஸ் மோத்தில் இருந்தது விடி-ஏடிஎன். ஆனால் மங்கிய படத்தில் ஈ எது, எஃப் எது? ஓர் எழுத்து தவறினாலும் வேறொரு விமானத்தின் வரலாறு வந்து சேரும். போதாக்குறைக்கு, இரண்டாம் உலகப் போரில் ராணுவம் எடுத்துக்கொண்ட மோத்களுக்குப் பழைய எழுத்துகள் போய் ராணுவ எண்கள் வந்தன. அதனால் உருவத்தை வைத்து வகையை முடிவு செய்த பிறகே எழுத்துக்குப் போவேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் எழுத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

இவற்றுக்கு நடுவே ஆண்டு ஒரு நல்ல கத்தரிக்கோல். புஸ் மோத் முதலில் பறந்தது 1929இல். லெப்பர்ட் பறந்தது 1933 மே 27 அன்று. அந்த ஜூலையிலேயே கம்பெனியை நிறுவிய ஜெஃப்ரி டி ஹாவிலாண்ட் அதில் பிரிட்டனின் கிங்ஸ் கப் விமானப் பந்தயத்தை வென்றார். ஆக, 1932இல் டாடாவின் தபால் சேவை ஒரு புஸ் மோத்தும் ஒரு லெப்பர்ட் மோத்துமாகத் தொடங்கியது என்று எழுதியிருந்தால், படத்தைப் பார்க்காமலே தள்ளிவிடலாம். மறுபக்கம், 1933க்குப் பிந்தைய படம் என்பதால் மட்டும் அது லெப்பர்ட் ஆகிவிடாது; புஸ் மோத்கள் அதன்பிறகும் பல வருடம் பறந்தன. அங்கே மறுபடி சக்கரக் காலுக்குத்தான் வரவேண்டும். அதுவும் படத்தில் வெட்டுப்பட்டிருந்தால், 'டி ஹாவிலாண்ட் மோத், புஸ் அல்லது லெப்பர்ட்' என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.